பாதுஷாவால் கொடுக்க முடியாத பரிசு



1,84,46,74,40,73,70,95,51,615.

மேலே கண்ட எண்ணை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நம்மில் பலர் நடுவழியிலேயே நின்றுவிடுவோம். இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை நம் வழக்கில் சொல்வதானால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி; அதனுடன் நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி; அதற்கும் மேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து என்று சொல்ல வேண்டும். கோடி கோடி என்பது கவிஞர்கள் சொல்வதைப் போன்ற அலங்காரமன்று. கோடியைக் கோடியால் பெருக்கி வருகின்ற தொகையையே குறிப்பிடுகிறேன்.

இந்த எண் யாரோ மனம்போன போக்கில் எழுதிவைத்தது அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்கள் இதனைக் கடைசி இலக்கம் வரை கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். இன்று நம் சட்டைப் பையில் உறங்கும் கைப்பேசிக்குள்ளும் இதே எண் இருக்கிறது. நம் வீடுகளின் கடன் கணக்கோடும் இதற்கு நெருங்கிய உறவுண்டு. எனவேதான் ஒரேயோர் எண்ணுக்காக இத்தனை பக்கங்களைச் செலவிடத் துணிந்தேன். அடியேன் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். கணிதம் என் பாடமன்று. மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்துகின்றபோது வாரிசுப் பங்குகளை வகுத்தும் பெருக்கியும் பழகிய பழக்கமே இதற்கு முதலீடு. ஆகவே, பின்வருவனவற்றில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கைத் தவிர வேறெதுவும் வராது, அஞ்ச வேண்டாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். சதுரங்கத்தை உருவாக்கிய ஞானி ஒருவரிடம், "வேண்டியதைக் கேளும்" என்றார் மன்னர். ஞானியோ, "பலகையின் முதற்கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படியே கட்டத்திற்குக் கட்டம் இரட்டித்து அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பித் தாருங்கள்" என்றார். இவ்வளவு அற்பமாகக் கேட்கிறாரே என்று மன்னர் முகம் சுளித்தார். அரண்மனைக் கணக்கர்கள் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, நாட்டிலுள்ள கோதுமை முழுவதையும் கொட்டினாலும் போதாது என்று வந்து நின்றார்கள். நம் பக்கத்துக் கேரளத்தில் இதே கதை கோதுமைக்குப் பதிலாக அரிசியாகி, அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஊருக்கு ஊர் தானியம் மாறினாலும் எண் மட்டும் மாறுவதில்லை.

சதுரங்கம் விளையாடுவது கூடுமா, கூடாதா என்ற மஸ்அலா வேறு; அதில் இமாம்களின் கருத்துகள் ஃபிக்ஹு கிதாபுகளில் விரிவாக உள்ளன. இங்கே நமக்குத் தேவை அந்தப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்கள் மட்டுமே.

இக்கதையைப் பதிவுசெய்தவர்களில் மிகவும் மதிப்பிற்குரியவர் இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 608இல், அதாவது கி.பி. 1211இல் இராக்கின் இர்பில் நகரில் பிறந்து, டமாஸ்கஸின் தலைமைக் காஜியாகப் பணியாற்றி, 1282இல் அந்நகரிலேயே மறைந்தவர். 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் அவருடைய வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் இன்றும் ஆய்வாளர்களின் கைகளில் புழங்குகிறது. அதில் அபூபக்ர் அஸ்ஸூலி என்பவரின் வரலாற்றை எழுதும்போது இந்தக் கதை வருகிறது. ஸூலி, அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் சதுரங்கத்தில் நிகரற்று விளங்கியவர். அதனாலேயே பொதுமக்கள் சதுரங்கத்தை உருவாக்கியவரே ஸூலிதான் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். அது தவறு, அதனை அமைத்தவர் இந்தியரான ஸிஸ்ஸா இப்னு தாஹிர், ஷிஹ்ராம் என்னும் அரசருக்காக அமைத்தார் என்று இப்னு கல்லிகான் திருத்துகிறார். திருத்தியவர், பரிசுக் கதையையும் சொல்கிறார்.

அவர் கதையைச் சொன்னதோடு நின்றிருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவரோ, இதைப் பற்றித் தமக்கே ஐயம் இருந்தது என்று எழுதுகிறார். அரசாங்கக் களஞ்சியமே போதாது என்பது மிகையாகத் தோன்றியது. காஜி அல்லவா! சாட்சியமின்றி எதையும் ஏற்பதில்லை. பிறகு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவரைச் சந்தித்தபோதுதான் அந்த ஐயம் தீர்ந்தது. அக்கணக்கர் காகிதத்தை எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே கட்டம் கட்டமாக இரட்டித்துக் காட்டினார். அவர் கையாண்ட முறை அருமையானது. நாமும் அவர் பின்னே நடப்போம்.

பதினாறாவது கட்டம் வரை மணிகளாகவே இரட்டித்தார். அங்கே 32,768 மணிகள் வந்தன. "இதை ஒரு கதஹ் என்று வைத்துக்கொள்வோம், நான் அளந்து பார்த்திருக்கிறேன், சரியாக இருந்தது" என்றார். கதஹ் என்பது எகிப்தின் முகத்தலளவைப் படி. இந்த இடத்தில் இப்னு கல்லிகான், அளந்து பார்த்ததாகச் சொன்ன செய்திக்கு அந்தக் கணக்கரே பொறுப்பு என்று சேர்த்து எழுதுகிறார். இந்தச் சிறு குறிப்பு அடியேனை மிகவும் கவர்ந்தது. பெருக்கல் சரிதானா என்பதைத் தாமே பார்த்துவிட்டார். மணிகளை எண்ணிப் படியில் கொட்டியதைத் தாம் பார்க்கவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியே வைக்கிறார். ஹதீஸ் கலையில் ஊறியவர்களின் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

இனி மணிகளை விட்டுவிட்டுப் படிகளை இரட்டித்தார் கணக்கர். இருபதாவது கட்டத்தில் 16 கதஹ் வந்தன. அது ஒரு வைபா. ஆறு வைபா சேர்ந்தால் ஓர் இர்தப். இப்படி இர்தப்களாக மாற்றிக்கொண்டே போய், நாற்பதாவது கட்டத்தில் 1,74,762 இர்தப்களும் மூன்றில் இரண்டு பங்கும் என்று நிறுத்தினார். "இதை ஒரு தானியக் கிடங்கு என்போம், எந்தக் கிடங்கிலும் இதைவிட அதிகம் இருக்காது" என்றார். அடுத்துக் கிடங்குகளை இரட்டித்தார். ஐம்பதாவது கட்டத்தில் 1,024 கிடங்குகள். "இது ஒரு நகரம், எந்த நகரத்திலும் இதற்கு மேல் கிடங்குகள் இருக்கமாட்டா" என்றார். பின் நகரங்களை இரட்டித்தார். அறுபத்து நான்காவது கட்டத்தில் 16,384 நகரங்கள் வந்து நின்றன. இவ்வளவு நகரங்கள் உலகத்திலேயே இல்லை என்பது உமக்குத் தெரியும் என்று காஜியிடம் சொல்லிக் கணக்கை முடித்தார்.

வாசகர்களே, தாளும் பேனாவும் எடுத்து இந்தக் கணக்கைச் சரிபாருங்கள். பதினாறாம் கட்டத்திலிருந்து நாற்பதாம் கட்டம் வரை இருபத்து நான்கு முறை இரட்டித்தால் 1,67,77,216 கதஹ். ஓர் இர்தப்புக்கு 96 கதஹ். வகுத்தால் 1,74,762, மீதி 64 கதஹ், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

இத்துடன் நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கணக்கர் சொன்ன 16,384 நகரங்கள் கடைசிக் கட்டத்திற்கு மட்டுமே உரியவை. பலகை முழுவதற்கும் எத்தனை நகரங்கள் என்று கேட்டால், 32,768 நகரங்கள். அதில் ஒரே ஒரு மணி மட்டும் குறைவு! பதினாறாம் கட்டத்தில் எத்தனை மணிகள் ஒரு படியை நிரப்பினவோ, அத்தனை நகரங்கள் பலகையை நிரப்புகின்றன. அந்த ஒரு மணி ஏன் குறைகிறது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இன்றைய அளவையில் இது எவ்வளவு? ஆயிரம் கோதுமை மணிகள் ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ளவை. ஆக, ஒரு கிராமுக்கு 25 மணிகள். அதன்படி முழுப் பலகையின் எடை சுமார் 73,800 கோடி டன். உலகம் முழுவதும் இப்போது ஓராண்டில் விளையும் கோதுமை சுமார் 80 கோடி டன். அதாவது இன்றைய உலகத்தின் விளைச்சல் முழுவதையும் யாரும் ஒரு ரொட்டிகூடச் சுடாமல் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சேர்த்துவைத்தால்தான் ஸிஸ்ஸாவின் கணக்கைத் தீர்க்கலாம். பாவம் அந்த பாதுஷா!

இப்னு கல்லிகானுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் முன்பே இதே எண்ணை வேறொரு வழியில் அடைந்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அவர், தம் இருபதுகளின் பிற்பகுதியில், சுமார் கி.பி. 1000இல் 'அல் ஆஸாருல் பாக்கியா' என்னும் நூலை எழுதி, ஜுர்ஜானின் அரசர் காபூஸுக்குக் காணிக்கையாக்கினார். பல்வேறு சமுதாயங்களின் நாட்காட்டிகளைப் பற்றிய அந்நூலில் சதுரங்கப் பலகையின் கணக்கும் இடம்பெற்றிருக்கிறது. பின்னாளில் நம் நாட்டுக்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, இந்தியாவைப் பற்றிய மாபெரும் நூலை எழுதியவரும் இவரேதான்.

அலெக்சாந்திரியாக் கணக்கர் ஒவ்வொரு கட்டமாக ஏறிப்போனார். அல்பிரூனி ஏறவில்லை, தாவினார். அவர் இரண்டு விதிகளைத் தருகிறார். ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதற்கட்டத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அதே தூரம் இன்னும் முன்னே சென்ற கட்டத்தின் எண் கிடைக்கும் என்பது முதல் விதி. ஐந்தாம் கட்டத்தில் 16. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டத்தின் எண். ஐந்தாம் கட்டம் முதற்கட்டத்திலிருந்து நான்கு தாண்டி இருக்கிறது. ஒன்பதாவது, ஐந்தாவதிலிருந்து நான்கு தாண்டி இருக்கிறது.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் அறுபத்து நான்கு முறை இரட்டிக்கும் வேலை மிச்சமாகிறது. இரண்டாம் கட்டத்தில் 2. அதை அதனாலேயே பெருக்கினால் 4, மூன்றாம் கட்டம். மீண்டும் பெருக்கினால் 16, ஐந்தாம் கட்டம். பின் 256, ஒன்பதாம் கட்டம். பின் 65,536, பதினேழாம் கட்டம். பின் 4,29,49,67,296, முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னொரு முறை பெருக்கினால் 1,84,46,74,40,73,70,95,51,616. இது அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண். ஆறே பெருக்கல்கள்! ஆனால் பலகையில் அறுபத்தைந்தாம் கட்டமே கிடையாதே என்பீர்கள். அதற்காகத்தான் இரண்டாம் விதி.

எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை வந்துவிடும் என்பது அவ்விதி. ஆறாம் கட்டத்தில் 32. அதற்கு முன் 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 31. ஆகவே இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தைக் கண்டு, ஒன்றைக் கழித்தால், இருக்கின்ற அறுபத்து நான்கின் மொத்தமும் கைக்கு வந்துவிடுகிறது. நகரக் கணக்கில் ஒரு மணி குறைந்ததற்கும் இதுவே காரணம்.

எண்ணைக் கண்டுபிடித்தபின், அதன் பருமனை மனக்கண்ணில் நிறுத்த அல்பிரூனியும் ஓர் உபாயம் செய்கிறார். அவர் கோதுமையை விட்டுவிட்டுத் திர்ஹம்களாக எண்ணுகிறார். பத்தாயிரம் திர்ஹம்களை ஒரு பையில் கட்டுங்கள். எட்டுப் பைகளை ஒரு கோவேறு கழுதை மீது ஏற்றுங்கள். பத்தாயிரம் கழுதைகள் சேர்ந்தது ஒரு மந்தை. ஓர் ஓடைக்கரையில் ஆயிரம் மந்தைகள் மேயட்டும். ஒரு மலையிலிருந்து அத்தகைய ஓடைகள் பத்தாயிரம் இறங்கட்டும். அப்படியும் 2,305 மலைகள் தேவைப்படுகின்றன; அதற்குமேலும் மிச்சம் இருக்கிறது. எகிப்தியக் கணக்கர் நகரவாசி; கிடங்குகளையும் நகரங்களையும் அடுக்கினார். குவாரிஸ்மின் மைந்தரோ மலைகளையும் ஓடைகளையும் மந்தைகளையும் அடுக்கினார். இரண்டில் எது அழகு என்று கேட்டால் என் வாக்கு மந்தைகளுக்கே.

அப்ஜத் முறையில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுப்பதை நீங்கள் அறிவீர்கள். 786 என்றவுடன் அனைவருக்கும் புரிந்துவிடும். அம்முறையின் கடைசி எழுத்தான 'கைன்' ஆயிரத்தோடு நின்றுவிடுகிறது. இத்தகைய பேரெண்ணை எழுத அது போதாது. வானியல் அறிஞர்கள் பத்துக்குப் பதிலாக அறுபதை அடிப்படையாகக் கொண்ட முறையில் அதே எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். நாம் இன்றும் மணியை அறுபது நிமிடங்களாகவும், நிமிடத்தை அறுபது விநாடிகளாகவும் பிரிப்பது அதன் எச்சமே. அம்முறையில் நம் எண் பதினோரு இடங்களில் அடங்குகிறது. இந்திய இலக்கங்களில் இருபது இடங்கள் தேவைப்பட்டாலும், பத்தே குறிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம். அரபுலகம் அதை 'இந்தியக் கணக்கு' என்று பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்ஜத் பேச்சு வந்தாலே எண்ணுக்குப் பலன் சொல்லச் சிலர் முன்வருவார்கள். அந்த வேலை இங்கில்லை.

இனி எண்ணை உடைத்துப் பார்க்கலாம். எந்தெந்த எண்களால் இது மீதியின்றி வகுபடும்? கடைசி இலக்கம் 5. ஆகவே ஐந்தால் வகுபடும். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடுவதால் நம் எண்ணும் மூன்றால் வகுபடும். இவை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்தவை. இதற்கு மேல் போக, அல்பிரூனியின் தாவல்களே படிக்கட்டாக அமைகின்றன.

ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால், வருவது அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கிய தொகையாகும். பத்துப் பத்து நூறு. ஒன்று கழிக்கத் தொண்ணூற்றொன்பது. அது ஒன்பதையும் பதினொன்றையும் பெருக்கி வருவது. நம் எண்ணும் இப்படித்தான் பிறந்திருக்கிறது. ஆகவே அது 4,29,49,67,295ஐயும் 4,29,49,67,297ஐயும் பெருக்கியதற்குச் சமம். இவற்றில் முதலாவது, 65,535ஐயும் 65,537ஐயும் பெருக்கியது. 65,535 என்பது 255ஐயும் 257ஐயும் பெருக்கியது. 255 என்பது 15ஐயும் 17ஐயும் பெருக்கியது. 15 என்பது மூன்றும் ஐந்தும். ஆகமொத்தம் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்னும் ஆறு எண்களைப் பெருக்கினால் பலகையின் தொகை முழுவதும் வந்துவிடுகிறது.

இந்த ஆறில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறெதனாலும் வகுபடாதவை. ஆறாவது? இங்கேதான் ஒரு சுவையான வரலாறு. பதினேழாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளுள் ஒருவரான பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640ஆம் ஆண்டளவில் தம் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கைவரவில்லை என்றாலும் நம்பிக்கை தளரவில்லை. முதல் ஐந்து சரியாக இருந்ததால் ஆறாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று உலகமும் இருந்துவிட்டது. சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 1732இல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர், ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று அறிவித்தார். ஈவு 67,00,417.

இவர் எப்படி அந்த 641ஐப் பிடித்தார்? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணைப் பகா எண் ஏதேனும் வகுக்குமானால், அது 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும் என்று அவர் விளக்கினார். பலகையின் அறுபத்து நான்கு இங்கேயும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள்! 64இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் 65, 129, 193, 257 என்று வரிசை போகிறது. அதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே வருகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே பூட்டுத் திறந்துவிட்டது. நான்கு வகுத்தல்கள் தோல்வி, ஐந்தாவது வெற்றி. ஒரு மேதையின் சொல் என்பதற்காக இந்த ஐந்து வகுத்தல்களைப் போட்டுப் பார்க்காமல் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. இது நம் காஜியின் முன் நடந்திருந்தால் அன்று மாலையே தீர்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மேல் வகுப்பு மாணவர்களிடம் இந்த வகுத்தலைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். மீதி பூஜ்யம் என்று வந்தபோது அவர்கள் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்கு ஈடில்லை. உங்கள் இல்லத்திலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் கணிப்பொறியைத் தொடாமல் போடச் சொல்லுங்கள்.

67,00,417ம் பகா எண்ணே. ஆக நம் எண்ணின் முழு வம்சாவளி 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417 என்னும் ஏழு பகா எண்களாக முடிகிறது. எதுவும் இருமுறை வரவில்லை. இந்த ஏழில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால், நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்றையும் அவ்வெண்ணையும் சேர்த்து மொத்தம் 128. அதுவும் எட்டாம் கட்டத்தின் எண்ணாகவே அமைந்திருக்கிறது!

இந்த எண்ணை வைத்துப் பொழுதுபோக்குகளும் உண்டு. பிரெஞ்சுக் கணிதர் ல்யூகா 1883இல் வெளியிட்ட வட்டு விளையாட்டில், அறுபத்து நான்கு வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இத்தனை நகர்த்தல்கள் தேவை. காசியில் பூசாரிகள் இரவுபகலாக மாற்றிக்கொண்டிருப்பதாக அதற்கொரு கதையும் கட்டிவிட்டார்கள்; கதை ஐரோப்பாவில் பிறந்தது, காசிக்குத் தெரியாது. விநாடிக்கு ஒன்றென நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கைப்பேசி விஷயம் இதைவிட முக்கியமானது. கணினிகள் எண்களை விளக்குகளைப் போல் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு விளக்கும் எரியும் அல்லது அணையும். முதல் விளக்குக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, அடுத்ததற்கு 4. சதுரங்கப் பலகையேதான்! இன்றைய கருவிகள் பெரும்பாலும் அறுபத்து நான்கு விளக்குகள் கொண்டவை. அத்தனையும் எரிந்தால் வரும் எண் நம் எண்; அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் எல்லா விளக்குகளும் அணைந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பழைய கருவிகளில் முப்பத்திரண்டு விளக்குகள்தாம். அவற்றிலும் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி முப்பத்தொன்றில் எண்ணுவது வழக்கம். பலகையின் முதல் முப்பத்தொரு கட்டங்களின் கூட்டுத்தொகை 2,14,74,83,647. 2014 டிசம்பரில் யூடியூபில் ஒரு தென்கொரியப் பாடலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இதைத் தாண்டிவிடவே, அந்நிறுவனம் தன் கணக்கை அறுபத்து நான்குக்கு மாற்ற நேர்ந்தது. 1970ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து விநாடிகளை இதே அளவில் எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19இல் அந்த எல்லை வந்துவிடும். அதற்குள் அவற்றை மாற்றியமைத்தாக வேண்டும்.

இறுதியாக, வீட்டுக் கணக்கு. அல்பிரூனியின் இரண்டாம் விதியை மறுபடியும் நினைவுகூருங்கள். ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களையும் சேர்த்ததைவிட ஒன்று அதிகம். கடைசிக் கட்டத்தில் மட்டும் 92,23,37,20,36,85,47,75,808 மணிகள். முந்தைய அறுபத்து மூன்றையும் கூட்டினால் அதில் ஒன்று குறைவு. பலகையின் முதற்பாதியை, அதாவது முப்பத்திரண்டு கட்டங்களை மன்னர் நிரப்பியிருக்க முடியும். அதற்கு வேண்டியது சுமார் 172 டன் கோதுமை. நம் கணக்கில் பத்து டன் லாரிகள் பதினேழு அல்லது பதினெட்டு. அதுவரை மன்னருக்கு எந்த அச்சமும் தோன்றியிருக்காது. இரண்டாம் பாதிதான் ராஜ்யத்தை விழுங்கியது.

வட்டியும் இதே பலகையில்தான் ஆடுகிறது. அது ஹராம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரட்டித்து இரட்டித்துப் பெருகும் வட்டியைப் பற்றி ஆல இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம் எச்சரிப்பதையும் ஓதியிருப்பீர்கள். ஆயினும் மகளின் திருமணம், மருத்துவச் செலவு என்று நெருக்கடி வரும்போது, "மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்தானே" என்று கையெழுத்திடும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் இல்லாமலில்லை. மூன்று என்பது முதற்கட்டத்துக் கோதுமை மணியைப் போலச் சிறியதாகத் தெரிகிறது. செலுத்தாத வட்டியை அசலோடு சேர்த்துவிடுவார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சேர்ப்பார்கள் என்றால், எத்தனை மாதத்தில் இரட்டிக்கும் என்று அறிய ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 72ஐ மாத வட்டியால் வகுக்க வேண்டும். 1494இல் இத்தாலியின் பச்சோலி தம் கணித நூலிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். மூன்று வட்டிக்கு 24 மாதங்கள். ஐந்து வட்டிக்குப் பதினான்கு மாதங்களைச் சற்றுத் தாண்டும். பத்து வட்டிக்கு ஏழு மாதங்களைச் சற்றுத் தாண்டும். ஒவ்வோர் இரட்டிப்பும் பலகையில் ஒரு கட்டம்.

மூன்று வட்டிக்கு வாங்கிய பத்தாயிரம் ரூபாய், எதுவும் செலுத்தாமல் வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போனால், பத்து ஆண்டுகளில் 3,47,000 ரூபாயைத் தாண்டும். பத்து வட்டி என்றால் ஐந்தே ஆண்டுகளில் முப்பது லட்சத்தைத் தாண்டிவிடும். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மிகைவட்டி வசூலிப்பவர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கடன் சீட்டு வீட்டில் இருந்தால், கையெழுத்திட்ட தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை கட்டங்கள் கடந்திருக்கின்றன என்று இன்றிரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.